கடலூரில் அடைமழை, கேத்தியில் உறைபனி: ஒரே மாநிலத்துக்குள் குளிர்காலம் இவ்வளவு வேறுபடுவது ஏன்?

கெடிலக்கரை (கடலூர்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் வசிக்கிறேன். என் தங்கையை நீலகிரி மாவட்டம் கேத்தியில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். என் மனைவியின் பிறந்த வீடு கோவையை அடுத்த சூலூரில் இருக்கிறது. ஐப்பசி பிறந்துவிட்டால் இந்த மூன்று வீடுகளுக்கும் இடையே நடக்கும் தொலைபேசிப் பேச்சில் பாதி வானத்தைப் பற்றியதாகவே ஆகிவிடுகிறது. இங்கே விடிய விடியக் கொட்டித் தீர்த்து, பள்ளிகளுக்கு விடுமுறை அறிவித்திருக்கும் நாளில், சூலூரில் மாமியார் மொட்டை மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருப்பார். மார்கழி பாதியில் எங்கள் ஊரில் மழை ஓய்ந்து, வாசலில் கோலம் போடும் நேரத்துக்கு ஒரு சால்வை இருந்தால் போதும் என்ற அளவில்தான் குளிர் இருக்கும். அதே விடியற்காலையில் தங்கை அனுப்பும் படத்தில், அவர்கள் வீட்டுக்குக் கீழே உள்ள கேரட் தோட்டம் வெள்ளை வேட்டியை விரித்துப் போட்டதுபோல் கிடக்கும்.

வடகிழக்குப் பருவமழை தமிழ்நாடு முழுமைக்கும் உரியது என்றுதான் பள்ளியில் படித்தோம். அப்படியிருக்கக் கடற்கரைக்கும் உள்மாவட்டங்களுக்கும் இடையே இத்தனை ஏற்றத்தாழ்வு எதனால் வருகிறது? நீலகிரியில் காணப்படும் பனி வானத்திலிருந்து விழுகிறதா, தரையிலேயே உண்டாகிறதா? வானத்திலிருந்து விழுவது என்றால், கார்த்திகையில் அங்கே மழையும் குளிரும் சேர்ந்தே இருக்கும்போது அந்த மழை ஏன் பனியாக இறங்குவதில்லை? தொலைக்காட்சியில் "காஷ்மீராக மாறிய உதகை" என்று ஆண்டுதோறும் சொல்கிறார்கள். அது எவ்வளவு தூரம் சரி?

இவற்றோடு ஒரு சொந்தக் காரியமும் உண்டு. இளைப்புத் தொல்லை உள்ள என் தாயார் பொங்கலுக்குத் தங்கை வீட்டுக்குப் போக வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறார். மலைப்பக்கம் இருப்பவர்கள் கருத்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.

வில்லியனூர்வாசி (புதுச்சேரி) எழுதியது:

வணக்கம். புவியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் சற்று நீட்டித்தான் எழுதுவேன், பொறுத்தருள வேண்டும். பனியைப் பற்றி மலையில் வாழ்பவர்கள் எழுதுவதே முறை. மழையை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன்.

அக்டோபர், நவம்பர், டிசம்பர் ஆகிய மூன்று மாதங்களில் தமிழ்நாட்டின் சராசரி மழை ஏறத்தாழ 44 செ.மீ. இந்தச் சராசரியை வைத்துக்கொண்டு எந்த ஊரின் மழையையும் புரிந்துகொள்ள முடியாது. நாகப்பட்டினத்தில் இது 90 செ.மீ. அளவுக்குப் போகிறது, உங்கள் கடலூர் மாவட்டத்தில் 70 செ.மீ.யை ஒட்டி இருக்கிறது. கோவை மாவட்டத்திலோ 30 செ.மீ.யைச் சற்றே தாண்டுகிறது. அதாவது கோவைக்காரர் மூன்று மாதம் முழுவதும் பார்க்கும் மழையை, ஒரு தாழ்வு மண்டலம் கரையேறினால் கடலூர்க்காரர் ஒரே வாரத்தில் பார்த்துவிடுகிறார்.

காரணம் காற்றின் திசையில் தொடங்குகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து வரும் ஈரக்காற்றை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்துக்கொள்வதால், கிழக்கே இருக்கும் நமக்கு மாலை நேரத்து இடிமழை தவிர அதிகமாக எதுவும் கிடைப்பதில்லை. அக்டோபர் மூன்றாம் வாரத்தில், வழக்கமாக 20ஆம் தேதியை ஒட்டி, காற்று திசை மாறி வடகிழக்கிலிருந்து வீசத் தொடங்குகிறது. அந்தக் காற்று வெதுவெதுப்பான வங்கக் கடலின் மேல் நெடுந்தூரம் வரும்போது ஈரத்தை அள்ளிக்கொள்கிறது. கடலின் மேல் தடையின்றி வந்த காற்று கரையைத் தொட்டதும் மரம், மேடு, கட்டடம் ஆகியவற்றில் உரசி வேகம் குறைகிறது. பின்னால் வரும் காற்றோ அதே வேகத்தில் வந்து மோதுகிறது. இப்படி நெருக்குண்ட காற்றுக்கு மேலே எழும்புவதைத் தவிர வேறு வழியில்லை. மேலே எழும்பினால் குளிரும், குளிர்ந்தால் மேகமாகும், மேகம் கனத்தால் மழையாகும். கரையிலேயே பெரும்பகுதியை இறக்கிவிட்டுத்தான் அந்தக் காற்று விழுப்புரம், சேலம் என்று உள்ளே போகிறது.

நம் ஊர்களில் இந்தப் பருவத்து மழை பெரும்பாலும் நள்ளிரவுக்குப் பிறகு தொடங்கி, பால்காரர் வரும் நேரத்தில் உக்கிரமாகி, பத்து மணிக்கு மேல் தணிந்துவிடுவதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். இரவில் நிலம் விரைவில் குளிர்ந்துவிடும், கடல் குளிராது. குளிர்ந்த நிலக்காற்று கடலை நோக்கி நகர்ந்து, எதிரே வரும் வடகிழக்குக் காற்றைக் கரைக்கு அருகில் சந்திக்கிறது. அந்தச் சந்திப்பில் எழும் மேகங்கள்தான் விடியற்காலையில் தேவனாம்பட்டினத்தின் மீதும் எங்கள் கடற்கரைச் சாலையின் மீதும் வந்து இறங்குகின்றன. சூலூரில் கதை வேறு. அங்கே ஐப்பசி மழை என்பது பகல் வெயிலில் நிலம் சூடாகி, மாலையில் இடியோடு பெய்வது. அதனால்தான் கோவைக்கு அக்டோபர் மழை மிகுந்த மாதமாகவும், நமக்கு நவம்பர் மழை மிகுந்த மாதமாகவும் இருக்கின்றன. நவம்பர் பாதிக்கு மேல் உள்மாவட்டங்கள் வங்கக் கடலில் உருவாகும் தாழ்வு நிலைகளின் தயவை நம்பியே இருக்கின்றன; அவை பெரும்பாலும் கரையைக் கடந்ததும் வலுவிழந்துவிடுகின்றன.

"பெரும்பாலும்" என்ற சொல்லைக் கவனமாகவே போட்டிருக்கிறேன். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், கடந்த பிறகும் பல மணி நேரம் நகராமல் எங்கள் தலைக்கு மேலேயே நின்றது. புதுச்சேரியில் ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேலும், திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஏறத்தாழ 50 செ.மீ.யும் பதிவாயின. அதோடு ஓய்ந்ததா என்றால் இல்லை. மறுநாள் அது மெல்ல மேற்கே நகர்ந்து, கடலுக்கு வெகு தொலைவில் உள்ள கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையிலும் 50 செ.மீ. அளவுக்குக் கொட்டியது. தென்கோடியிலும் இப்படி ஒன்று நடந்தது. ஆண்டு முழுவதும் பெய்யும் மழையே சராசரியாக 70 செ.மீ.யைத் தொடாத தூத்துக்குடி மாவட்டத்தில், 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. பதிவானது. ஆகவே கடற்கரைக்கு அதிகம், உள்ளே குறைவு என்பது பல ஆண்டுச் சராசரிக்குப் பொருந்தும். ஒரு குறிப்பிட்ட வாரத்துக்கு அது எந்த உத்தரவாதமும் தராது.

தேயிலைச்சரிவு (பண்ருட்டி, தற்போது உதகை) எழுதியது:

பண்ருட்டியில் பிறந்து வளர்ந்து, வேலை நிமித்தம் உதகையில் குடியேறியவன் நான். ஆசிரியர் ஐயா விட்டுவைத்த பனியை நான் தொடர்கிறேன்.

முதலில் காஷ்மீர் என்ற பேச்சை ஒதுக்கிவிடலாம். உதகையிலோ கொடைக்கானலிலோ வானத்திலிருந்து பனி பொழிவதில்லை. இங்கே காணப்படுவது தரையில் உண்டாகும் உறைபனி. பனி பொழிய வேண்டுமானால் மேகம் வேண்டும். அந்த மேகத்திலிருந்து தரை வரையிலான காற்றும் உறைநிலையை ஒட்டிய குளிரில் இருக்க வேண்டும். நம் அட்சரேகையில் காற்று உறைநிலைக்குக் குளிர்வது ஏறத்தாழ 5,000 மீட்டர் உயரத்துக்கு அருகில்தான். தொட்டபெட்டா சிகரமே 2,637 மீட்டர்தான். மேகத்துக்குள் பனித்துகள்கள் உண்டானாலும், தரைக்கு வரும் வழியிலேயே உருகி மழையாகிவிடுகின்றன. கார்த்திகை மழை இரவில் உங்கள் தங்கை வீட்டு வாசலில் வெப்பநிலை பத்து டிகிரியை ஒட்டி இருக்கும். உடல் நடுங்கும், ஆனால் உறைவதற்கு அது போதாது. ஆலங்கட்டி மட்டும் விதிவிலக்கு. கட்டி பெரிதாக இருப்பதால் உருகி முடிவதற்குள் தரைக்கு வந்துவிடுகிறது.

உறைபனிக்கு வேண்டியது இதற்கு நேர்மாறானது. மேகமே இருக்கக் கூடாது. காற்று அசையக் கூடாது. பகலில் வாங்கிய வெப்பத்தை நிலம் இரவு முழுவதும் வானத்தை நோக்கி விட்டுக்கொண்டே இருக்கிறது. மேகம் இருந்தால் அந்த வெப்பத்தின் ஒரு பகுதியைத் திரும்பக் கீழே அனுப்பும். வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தால் அத்தனையும் போய்விடும். அப்போது புல்லின் நுனி, காரின் கூரை, கேரட் இலை ஆகியவை சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அவற்றின் மேல் நேரடியாகப் பனிக்கட்டியாகப் படிகிறது. வெப்பமானியைத் தரையிலிருந்து ஒரு மீட்டருக்குச் சற்று மேலே கூண்டுக்குள் வைத்துத்தான் அளக்கிறார்கள். அதனால் அறிவிக்கப்படும் அளவு மூன்று டிகிரியாக இருக்கும் காலையிலும் புல்வெளி வெளுத்துக் கிடக்கும். "மூன்று டிகிரியில் எப்படி உறையும்?" என்று சமவெளி உறவினர்கள் கேட்பதற்கு இதுதான் பதில்.

உயரத்தின் பங்கையும் ஒரு சிறு கணக்கில் பார்க்கலாம். காற்றில் ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும். உதகை 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. எனவே கடலூரைவிடப் பதினான்கு டிகிரி அளவுக்குக் குறைய வேண்டும். கடலூரில் தை மாத விடியற்காலை 20 டிகிரியை ஒட்டி இருக்கிறது. உதகையின் ஜனவரிச் சராசரிக் குறைந்தபட்சமும் ஆறு டிகிரிக்கு அருகில்தான் இருக்கிறது. கணக்கு ஏறத்தாழச் சரியாகிவிடுகிறது. ஆறிலிருந்து பூஜ்யத்துக்கு இறக்கும் வேலையை உயரம் செய்வதில்லை, பள்ளம் செய்கிறது. குளிர்ந்த காற்று கனமானது. இரவில் சரிவு வழியாக இறங்கிப் பள்ளத்தில் தேங்கிவிடும். ஆகவே உறைபனி மிகுதியாகப் பிடிக்கும் இடங்கள் சிகரங்களாக இருப்பதில்லை. தலைகுந்தா, காந்தள், குதிரைப் பந்தய மைதானம் போன்ற தாழ்வான இடங்களில்தான் அது முதலில் தெரியும். கொடைக்கானலிலும் ஏரியைச் சுற்றியும் கீழ்பூமி பக்கத்திலும் இதே கதைதான். ஒரே தேயிலைத் தோட்டத்தில் மேல்சரிவுச் செடி பச்சையாக நிற்க, அடிவாரத்து வரிசை மட்டும் கருகிப்போவதை இங்கே எவரும் காட்டுவார்கள்.

கருகுவது இரவில் நடப்பதாகத் தோன்றும்; கண்ணுக்குத் தெரிவதோ பகலில். காலை எட்டு மணி வரை வெள்ளை முலாம் பூசிய இலை விறைப்பாகவே இருக்கும். வெயில் ஏறி உருகியதும் அது வெந்த கீரையைப் போல் துவண்டு, இரண்டு நாளில் கறுத்துவிடும். அதனால்தான் வெயில் படுவதற்கு முன்பே தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைத்துவிடுகிறார்கள். உதகை தாவரவியல் பூங்காவில் இதற்காகத் தெளிப்பான்களை இயக்குவதும், அலங்காரச் செடிகளைக் கோத்தகிரி மிலார் செடியால் மூடி வைப்பதும் ஆண்டுதோறும் நடக்கும். சிறு விவசாயிகள் தேயிலைக் கன்றுகளின் மேல் தாகைச் செடியையும் காய்ந்த புல்லையும் போட்டு மூடுகிறார்கள். முதலில் நீர்ப்பனி சில வாரம் விழும். அதைப் பார்த்ததுமே இந்த வேலையைத் தொடங்கிவிடுவார்கள்.

கேத்தியைப் பற்றித் தனியாக ஒன்று. நீலகிரி முழுவதும் ஒரே மழை என்று எண்ண வேண்டாம். மேற்கே கூடலூர், அவலாஞ்சி பகுதிகள் தென்மேற்குப் பருவத்தின் பிள்ளைகள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 91 செ.மீ. பெய்தது. கிழக்கே பார்த்த கோத்தகிரி, குன்னூர், கேத்திச் சரிவுகளுக்கு உங்கள் ஊர் மழையேதான் வருகிறது. 2009 நவம்பர் 10 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் கேத்தியில் 82 செ.மீ. பதிவாகி, மலை முழுவதும் மண்சரிந்து பலர் உயிரிழந்தார்கள். எனவே உங்கள் தங்கை இருப்பது கார்த்திகையில் கடலூருக்கு உறவான ஊர். மார்கழிக்கு மேல்தான் அது முற்றிலும் வேறு ஊராகிறது.

கெடிலக்கரை (கடலூர்) எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. ஒன்று தெளிவாகிறது. மழையும் பனியும் ஒன்றாக வருபவை என்று எண்ணியிருந்தேன். மழை இருக்கும் வரை உறைபனி வராது என்கிறீர்கள். அப்படியானால் வங்கக் கடலில் மார்கழியிலும் தாழ்வு நிலை தொடர்ந்தால், நீலகிரியில் உறைபனி தள்ளிப்போகும் என்று கொள்ளலாமா? இங்கே மழை ஓய்ந்த செய்தியே அங்கே பனிக்கு முன்னறிவிப்பு ஆகிவிடுமா?

தேயிலைச்சரிவு (பண்ருட்டி, தற்போது உதகை) எழுதியது:

பெருமளவுக்குக் கொள்ளலாம். புயல் சின்னம் உருவாகி மேகம் கூடியதும் இங்கே இரவு வெப்பநிலை ஏறிவிடும். உறைபனி சில நாள் காணாமற்போகும். சின்னம் விலகி, வடக்கிலிருந்து உலர்ந்த காற்று இறங்கியதும் அது முன்பைவிடக் கடுமையாகத் திரும்பும். நவம்பரிலேயே ஓரிரு வாரம் மழை விட்டால் அப்போதே உறைபனி எட்டிப் பார்ப்பதும் உண்டு. ஆனால் முழு முன்னறிவிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கடலூரில் வானம் வெளுத்த பிறகும் மலையில் மூட்டம் தங்கியிருக்கும் நாட்கள் பல. காற்று பலமாக அடித்தாலும் பனி பிடிக்காது.

சம்பாக்காரன் (சேத்தியாத்தோப்பு) எழுதியது:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். மழை ஓய்ந்த செய்தி என்று தாங்கள் எழுதியதைப் படித்ததும் ஒரு விவசாயியால் சும்மா இருக்க முடியவில்லை. "கார்த்திகைக்குப் பின் மழையுமில்லை, கர்ணனுக்குப் பின் கொடையுமில்லை" என்று எங்கள் பாட்டன்மார் சொல்லிவிட்டுப் போனார்கள். எங்கள் மாவட்டத்தில் இந்தப் பழமொழியை நம்பி யாரும் அரிவாளைத் தீட்ட முடிவதில்லை. தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியது 2011 டிசம்பர் 30. அது மார்கழி பாதி. பண்ருட்டிப் பக்கத்து முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்ததை இப்போதும் பேசுகிறார்கள். 2021 ஜனவரியில் பொங்கலைச் சுற்றி நாட்கணக்கில் பெய்த மழையில், அறுவடைக்கு நின்ற சம்பா சாய்ந்து, தண்ணீரில் கிடந்த கதிரிலேயே முளை விட்டது. 2023 பிப்ரவரி முதல் வாரத்திலும் டெல்டாவில் அதே அழிவு. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கணக்கில் ஜனவரியும் பிப்ரவரியும்தான் குளிர்காலம். தமிழ்நாட்டுக்கு அந்த இரண்டு மாதத்திலும் சேர்த்துச் சராசரியாகச் சில செ.மீ. மழைதான் உண்டு. அந்தச் சில செ.மீ. எந்த வாரத்தில் விழுகிறது என்பதில் எங்கள் ஆண்டு வருமானமே அடங்கியிருக்கிறது. மூன்று மாதத்தில் பெய்யும் 70 செ.மீ.யை வடிகால் இருந்தால் சமாளித்துவிடுவோம். தை மாதத்தில் பெய்யும் ஐந்து செ.மீ.யைச் சமாளிக்க வழியே இல்லை.

மலையில் பனி செடியைக் கருக்குகிறது என்கிறார் உதகை நண்பர். எங்கள் பக்கம் பனிக்கு இரண்டு முகம். ஒன்று, தை மாதம் விடியற்காலையில் வயலில் இறங்கினால் வேட்டி முழங்கால் வரை நனைந்துவிடும். கதிரில் அவ்வளவு ஈரம். அறுவடை இயந்திரம் வாடகைக்கு வந்து வரப்போரம் நின்றாலும், வெயில் ஏறி, கதிரைக் கையால் உருவிப் பார்த்து, ஈரம் ஒட்டவில்லை என்று தெரிந்த பிறகுதான் உள்ளே இறக்குவோம். அவசரப்பட்டு அறுத்தால் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் காட்டும். பிறகு சாலையில் கொட்டிக் காயவைத்துக் காவல் காக்க வேண்டியதுதான். மற்றொரு முகம் உளுந்து. சம்பா அறுப்பதற்குச் சில நாள் முன்பு, நிற்கும் பயிருக்குள்ளேயே உளுந்தைத் தெளித்துவிடுவோம். அதற்குத் தனியாகப் பாசனம் கிடையாது. மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்தையும் இரவுப் பனியையும் குடித்தே வளர்ந்து காய்க்கும். பனி குறைந்த ஆண்டில் உளுந்து சோர்ந்துபோவதைக் கண்ணால் பார்க்கலாம். "தைப்பனி தரையைத் துளைக்கும்" என்ற பழமொழியைப் பொறுத்தவரை எனக்குக் குறையில்லை.

வில்லியனூர் ஐயா ஊத்தங்கரையைச் சொன்னார்கள். அதன் மறுபாதியையும் சொல்ல வேண்டும். ஊத்தங்கரைப் பக்கத்து வெள்ளம் தென்பெண்ணைக்குத்தான் வந்து சேரும். சாத்தனூர் அணை நிரம்பி, விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் தண்ணீர் திறக்கப்பட்டு, 2024 டிசம்பர் தொடக்கத்தில் கடலூர் ஆற்றங்கரைக் குடியிருப்புகளை மூழ்கடித்தது. அந்த வெள்ளம் வந்து சேர்ந்தபோது கடலூரில் புயல் மழை ஓய்ந்திருந்தது. கடைமடைக்காரர்கள் தங்கள் ஊர் மழைமானியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் போதாது. கிருஷ்ணகிரியிலும் திருவண்ணாமலையிலும் எவ்வளவு பெய்தது என்பதையும் பார்க்க வேண்டும். கேள்வி கேட்டவர் திருப்பாதிரிப்புலியூர்க்காரர் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

வில்லியனூர்வாசி (புதுச்சேரி) எழுதியது:

சம்பாக்காரர் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். வகுப்பில் நான் இதைப் படுகை, நீர்ப்பிடிப்பு என்று நடத்தினால் மாணவர்கள் கொட்டாவி விடுவார்கள். அந்த ஒரு வெள்ளம் எல்லோருக்கும் புரியவைத்துவிட்டது.

தலைப்பை விட்டு ஓரடி விலகி ஒன்று சொல்ல அனுமதிக்க வேண்டும். ஒரே மாநிலத்துக்குள் இத்தனை வேறுபாடா என்று கடலூர் நண்பர் வியக்கிறார். எங்கள் ஒன்றியப் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். புதுச்சேரியும் காரைக்காலும் ஐப்பசியில் நனைகின்றன. அதே ஆட்சியின் கீழ் உள்ள மாஹே கேரளக் கரையில் இருப்பதால் ஜூன் மாதத்தில் நனைகிறது; அங்கே ஆண்டு மழையும் எங்களைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். ஆந்திரக் கரையில் கோதாவரி முகத்தில் இருக்கும் ஏனாமுக்கு இரண்டு பருவத்திலும் பங்கு உண்டு. ஒரே அரசிதழில் அறிவிப்பு வரும், குடை விரிக்கும் மாதம் மட்டும் வேறு.

கெடிலக்கரை (கடலூர்) எழுதியது:

கேட்டதற்கு மேலாகவே கிடைத்துவிட்டது, அனைவருக்கும் நன்றி. சாத்தனூர் நிலவரத்தை இனிமேல் தவறாமல் பார்ப்பேன். தாயார் பயணம் பற்றி மட்டும் உதகை நண்பர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் வீட்டில் பஞ்சாயத்து முடிந்துவிடும்.

தேயிலைச்சரிவு (பண்ருட்டி, தற்போது உதகை) எழுதியது:

பொங்கல் சமயம்தான் இங்கே உறைபனியின் உச்சம். பகலில் வெயில் இதமாகவே இருக்கும். ஐந்து மணிக்குச் சூரியன் மலைக்குப் பின்னால் போனதும் குளிர் சட்டென்று இறங்கும். உலர்ந்த குளிர்காற்று இளைப்புக்காரர்களுக்கு ஆகாது என்பது பொது அனுபவம். கேத்தி பள்ளத்தாக்கில் அடிவாரத்து வீடு என்றால் இன்னும் கடுமை. உங்கள் தங்கை வீட்டுக்குக் கீழேயே கேரட் தோட்டம் வெளுக்கிறது என்று எழுதியிருப்பதால் சொல்கிறேன். சில வீடுகளில் இரவு முழுவதும் கரி அடுப்பை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். அது உயிருக்கே ஆபத்து, இளைப்பு உள்ளவர் இருக்கும் வீட்டில் எண்ணிப் பார்க்கவும் கூடாது. பார்க்கும் மருத்துவரிடம் கேட்காமல் தை மாதத்தில் அம்மாவை ஏற்ற வேண்டாம் என்பதே என் கருத்து. தங்கை குடும்பத்தைப் பொங்கலுக்குக் கடலூருக்கு வரச்சொல்லுங்கள். அப்போது அங்கே மழையும் பெரும்பாலும் ஓய்ந்திருக்கும், வெயிலும் சுடாது.

அம்மா கட்டாயம் வரத்தான் வேண்டும் என்றால் மாசிக் கடைசி அல்லது பங்குனி முதல் பாதி நல்லது. உறைபனி விட்டிருக்கும், கோடை நெரிசல் தொடங்கியிருக்காது. ஐப்பசி, கார்த்திகையில் மேட்டுப்பாளையம் – குன்னூர் பாதையில் மண்சரிவு அடிக்கடி நடப்பதாலும், மலை ரயிலை நாட்கணக்கில் நிறுத்திவிடுவதாலும் அந்த மாதங்கள் வயதானவர்களுக்கு ஏற்றவை அல்ல. சொந்தக் காரில் வருவதாக இருந்தால் 2024 மே முதல் நடைமுறையில் உள்ள இ-பாஸை முன்கூட்டியே எடுத்துக்கொள்ளுங்கள். மேட்டுப்பாளையத்தில் ஒரு மணி நேரம் தங்கி, அம்மாவுக்குச் சாப்பாடு கொடுத்து, பகல் வெளிச்சத்திலேயே மலையேறிவிடுங்கள்.